சமதரைக் காலுக்கு ஒரு எரிமலை: வடசென்னையிலிருந்து கெடே வரை

எரிமலை ஏறப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பாதீர்கள். உச்சியில் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் முன்னால் போகிறவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறார்கள். வெப்பமண்டல எரிமலையில் உயிர் இருப்பது உச்சியில் இல்லை, வழியில் இருக்கிற காட்டில்தான். அந்தக் காட்டை இருட்டில் கடந்துவிட்டால் கடைசியில் கையில் இருப்பது ஆரஞ்சு நிற வானத்தின் ஒரு போட்டோ மட்டும்தான். அதனால் இங்கே சொல்வதெல்லாம் பகல் வெளிச்சத்தில், மெதுவாக, நின்று நின்று ஏறுகிறவர்களுக்கு.

நமக்குப் பக்கத்தில் எரிமலையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நம்ம துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கப்பல் போகிறதே, அந்த அந்தமான் பக்கத்தில்தான் இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலையான பாரன் தீவு (Barren Island) இருக்கிறது. ரொம்ப காலம் சும்மா கிடந்துவிட்டு 1991-இல் மறுபடி பொங்கியது, அதற்குப் பிறகும் அவ்வப்போது புகைகிறது. கொஞ்சம் வடக்கே நார்கொண்டம் தீவு, அடங்கிப்போன எரிமலை, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு வகை இருவாச்சி அங்கே மட்டும் வாழ்கிறது. ஆனால் சுற்றுலாவாகப் போய் இந்த இரண்டில் எதிலும் இறங்கி ஏற முடியாது. அந்த இருவாச்சியைப் பொறுத்தவரை அது நல்லதுதான். சரி, ஏறவும் வேண்டும், காடும் நன்றாக இருக்க வேண்டும், நம்ம பட்ஜெட்டுக்கும் ஓரளவு ஒத்துவர வேண்டும் என்றால் நான் கை காட்டுவது இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் இருக்கிற கெடே மலையை.

கெடே 2958 மீட்டர். ஒட்டினாற்போலவே நிற்கிற பங்ராங்கோ 3019 மீட்டர். இரண்டும் சேர்ந்து ஒரே தேசியப் பூங்கா, 1980-இல் அறிவித்தார்கள். கெடே கடைசியாக வெடித்தது 1957-இல், ஆனால் உச்சியில் இருக்கிற எரிமலை வாயிலிருந்து இன்னும் புகை வருகிறது. பாலி, லொம்போக் பக்கம் போகாமல் இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் காட்டை ரொம்ப நாளாகவே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அடிவாரத்தில் சிபோடாஸ் தாவரவியல் தோட்டம் 1852-லிருந்து இருக்கிறது, அதற்கு மேலே உள்ள காட்டை 1889-லேயே ஒதுக்கிவிட்டார்கள். இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1861-இல் ஏறியது இந்த மலைதான். ஜாவா முழுக்க மக்கள் நெருக்கம், நம்ம வண்ணாரப்பேட்டை மாதிரிதான், அதற்கு நடுவில் மிச்சமிருக்கிற மலைக்காட்டில்தான் அந்தத் தீவுக்கே உரிய விலங்குகள் வந்து ஒதுங்கியிருக்கின்றன.

போகிற வழி சுலபம். சென்னையிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் மாறி ஜகார்த்தா. இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே இறங்கியதும் விசா தருகிறார்கள், 5,00,000 ருபியா, 30 நாள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். ஜகார்த்தாவிலிருந்து சிபோடாஸ் சுமார் 100 கிலோமீட்டர், ஆனால் சனி ஞாயிறில் புஞ்சாக் மலைச்சாலையில் நிற்கிற ட்ராஃபிக்கை எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நின்று பழகியவர்களால்கூடத் தாங்க முடியாது. வார நாளில் போங்கள். மலையிலும் அன்றைக்குத்தான் கூட்டம் குறைவு, கூட்டம் குறைந்தால்தான் விலங்கு கண்ணில் படும். ஜகார்த்தாவில் இறங்கிய அன்றே ஏறிவிடாமல் சிபோடாஸில் ஒரு ராத்திரி தங்குங்கள். அதுவே சுமார் 1300 மீட்டர் உயரம். கடல் மட்டத்திலிருந்து வருகிற உடம்புக்கு அந்த ஒரு ராத்திரி பெரிய உதவி.

அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற விட மாட்டார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, ஆன்லைனில் முன்கூட்டியே பதிய வேண்டும், உடல்நிலை சரியாக இருக்கிறது என்று டாக்டர் சான்றிதழும் கேட்பார்கள். காடு மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வருடத்தில் சில காலம் பாதையையே மூடி வைப்பார்கள், பெரும்பாலும் மழைக்காலத்தில். ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன்னால் பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள், டிக்கெட் போட்ட பிறகு அல்ல. பொதுவாக மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. நமக்கு இங்கே கத்திரி வெயில் முடிகிற ஜூன், ஜூலை அங்கே ஏறுவதற்கு நல்ல நேரம். உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பாதை தெளிவாகத்தான் இருக்கும், வழிகாட்டி தேவைப்படுவது பாதைக்காக அல்ல, எந்த மரத்தில் எந்தக் குரங்கு காலையில் உட்காரும் என்று அவருக்குத்தான் தெரியும்.

இப்போது கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இந்தோனேசியாவில் ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கு நிலை எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். முதல் நிலை இயல்பு, இரண்டாவது வாஸ்பாடா, மூன்றாவது சியாகா, நான்காவது அவாஸ். அரசின் எரிமலை ஆய்வு மையம் இதை ஆன்லைனில் தினமும் வெளியிடுகிறது. இயல்பு நிலையில் இருந்தால் ஏறுங்கள், இரண்டாவது நிலைக்குப் போய்விட்டால் எவ்வளவு செலவு செய்து வந்திருந்தாலும் உச்சியை விட்டுவிடுங்கள். சும்மா பயமுறுத்தவில்லை. சுமத்ராவில் மராப்பி என்ற எரிமலை 2023 டிசம்பர் 3-ஆம் தேதி வெடித்தபோது மேலே ஏறியவர்கள் இருந்தார்கள், 24 பேர் இறந்தார்கள். அந்த மலை அப்போது இரண்டாவது நிலையில்தான் இருந்தது, வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். போன வாரம் என் நண்பன் ஏறினான், ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் அது ஒரு தகவலே இல்லை.

அப்புறம் உடம்பு. சிபோடாஸிலிருந்து உச்சிக்கு ஏற வேண்டிய உயரம் சுமார் 1650 மீட்டர். ஒரு மாடி 3 மீட்டர் என்று வைத்தால் 550 மாடி, இரண்டு நாளில். வடசென்னையில் இதற்கு எங்கே பழகுவது? உங்கள் குடியிருப்பின் படிக்கட்டுதான் ஜிம். தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு கீழ்த்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை ஏறி இறங்குங்கள். இரண்டு மாதம், வாரத்தில் மூன்று நாள். முதலில் எடை இல்லாமல், பிறகு ஒரு கேன், கடைசி வாரங்களில் இரண்டு. ஏறுவதைவிட இறங்குவதுதான் முக்கியம், ஏனென்றால் மூச்சு வாங்குவது ஏறும்போது, முட்டி போவது இறங்கும்போது. லிஃப்டில் இறங்கிவிட்டு நடந்து ஏறினேன் என்று கணக்கு வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எண்ணூர் பக்கம் கடற்கரை மணலில் ஷூ போட்டு ஒரு மணி நேரம் நடங்கள், மேலே வாய்க்குப் பக்கத்தில் கால் வழுக்குகிற சரளைக்கு அது நல்ல பழக்கம். போவதற்கு முன்னால் ஒரு நாள் உண்மையான காட்டுப்பாதையில் நடந்து பார்ப்பது நல்லது. நம்ம வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு பட்டியலில் திருவள்ளூர் மாவட்டத்து குடியம் குகைப் பாதை இருக்கிறது, ரெட் ஹில்ஸ் தாண்டினால் போய்விடலாம்.

கண்ணுக்கும் பயிற்சி வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. பைனாகுலரை மலைக்குப் போய் முதல் முறை எடுத்தால் குரங்கு கிளை மாறுகிற வரை நீங்கள் ஃபோகஸ் திருகிக்கொண்டே இருப்பீர்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுகிற 8x32 அல்லது 8x42 பைனாகுலர் வாங்கி, குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்குப் போங்கள். பூநாரை பெரிய பறவை, நின்ற இடத்திலேயே நிற்கும், அதில் ஆரம்பித்து உள்ளான், ஆலா என்று சின்னதற்கும் வேகமானதற்கும் வாருங்கள். வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்தபடியே, பார்வையை நகர்த்தாமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இது கை பழகிவிட்டால் காடு வேறாகத் தெரியும்.

சாமான்களில் பெரிய செலவு செய்ய வேண்டியது ஷூவுக்கு மட்டும். அடியில் நன்றாகப் பிடிக்கிற ஷூ, அதுவும் படிக்கட்டுப் பயிற்சி முழுக்கப் போட்டுப் பழகியது. தலையில் மாட்டுகிற டார்ச் பர்மா பஜாரில் கிடைக்கும், வாங்கும்போதே ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். பனியனும் ஜீன்ஸும் வேண்டாம், பருத்தி நனைந்தால் காயவே காயாது, குளிர் உடம்புக்குள் இறங்கிவிடும். வியாசர்பாடிப் பையன்கள் போடுகிற ஃபுட்பால் ஜெர்சி துணிதான் சரி, வியர்வை உடனே காய்ந்துவிடும். அதற்கு மேலே ஒரு ஃப்ளீஸ், அதற்கு மேலே மழைக்கோட்டு. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 6 டிகிரி குறையும், ராத்திரி மேலே 5 டிகிரிக்குப் பக்கத்தில் போகும், சென்னை ஆட்களுக்கு அது கேலி இல்லை, உல்லன் குல்லாவும் கையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடாரம், தூங்கும் பை எல்லாம் அங்கேயே வாடகைக்கு உண்டு. அட்டை கடிக்கும் என்று பயப்படாதீர்கள், பேன்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சனை முடிந்தது. கடித்தால் பிடுங்கி இழுக்காமல் நகத்தால் அதன் வாய் இருக்கிற மெல்லிய முனையைத் தள்ளி எடுங்கள்.

இனி பாதை. காலை வெளிச்சம் வந்த உடனே வாசலைத் தாண்டிவிடுங்கள், ஆறு மணிக்கெல்லாம் நடக்க ஆரம்பித்திருக்க வேண்டும். முதல் மூன்று கிலோமீட்டருக்குக் கல் பாவிய வழி, அதிகம் செங்குத்தில்லை. இங்கேதான் எல்லோரும் வேகமாகப் போவார்கள், இங்கேதான் நீங்கள் மெதுவாகப் போக வேண்டும். அறுபது மீட்டர் வரை வளர்கிற ரசமாலா மரங்கள் நிற்கிற பகுதி இது, நம்ம ஊர் இருபது மாடிக் கட்டட உயரம், வெள்ளையடித்த மாதிரி வெளிர்ந்த தண்டு. ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் ஒரு தடவை நின்று, பேச்சை நிறுத்தி, ஐந்து நிமிடம் காது மட்டும் கொடுங்கள்.

இந்தப் பூங்காவில் வாழும் ஜாவா கிப்பன், வாலில்லாத சாம்பல் நிறக் குரங்கு, ஜாவா தீவில் மட்டும் உள்ளது. விடிந்த கொஞ்ச நேரத்தில் பெண் பாடும், ஆண் அபூர்வமாகத்தான் வாய் திறக்கும். தனித்தனியான நீண்ட கூவலாக ஆரம்பித்து, வேகம் கூடிக்கூடி, உச்சத்தில் கொப்பளித்து, பிறகு இறங்கி அடங்கும். ஒரு பெண் முடித்தால் அடுத்த குடும்பத்துப் பெண் எடுக்கும், ஒவ்வொன்றும் இது என் இடம் என்று சொல்கிறது. கிப்பனுக்கு 1600 மீட்டருக்குக் கீழே உள்ள காடுதான் பிடிக்கும், அதனால் அதை மட்டுமே பார்க்க விரும்புகிறவர்கள் பூங்காவின் மேற்குப் பக்கம் தாழ்வாக இருக்கிற போடோகோலுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். சிபோடாஸ் பாதையில் அதிகம் கண்ணில் படுவது இரண்டு மந்தி வகைகள். உடம்பு முழுக்கக் கறுப்பாக, நீண்ட வாலோடு இருப்பது ஜாவா லுட்டுங். முதுகு சாம்பல், நெஞ்சு வெள்ளை, தலையில் கறுப்புக் கொண்டை இருந்தால் சுரிலி. அது மேற்கு, நடு ஜாவாவைத் தாண்டி எங்கும் கிடையாது. குரங்கைத் தேடாதீர்கள், அசைவைத் தேடுங்கள். காற்றில் மரம் முழுக்க ஆடும், மந்தி குதித்தால் ஒரு கிளை மட்டும் தாழ்ந்து எழும்பும். கோயில் குரங்குக்குக் கொடுக்கிற மாதிரி வாழைப்பழம் நீட்டவே கூடாது. மனிதன் கையைப் பார்க்கப் பழகிய குரங்கு காட்டில் தன் சாப்பாட்டைத் தேடுவதை விட்டுவிடும்.

ஒன்றரை கிலோமீட்டரில் தெலாகா பீரு என்ற சின்னக் குளம், பாசியால் நீலமாகத் தெரியும், கொஞ்ச நேரம் போதும். அதைத் தாண்டி சதுப்பின் மேல் நீண்ட நடைபாலம் வரும், அங்கே மட்டும்தான் வானம் திறக்கும், தலையைத் தூக்கிப் பாருங்கள். குடுமி நீட்டிக்கொண்டு வட்டமடிக்கிற பருந்து தெரிந்தால் அது ஜாவா குடுமிப் பருந்தாக இருக்கலாம், இந்தோனேசியா தன் சின்னத்தில் இருக்கிற கருடனுக்கு ஒப்பாகக் கொண்டாடுகிற பறவை. பாதை பிரிகிற இடத்திலிருந்து சிபெரேம் அருவிக்கு ஒரு சின்ன விலகல், தயங்காமல் போங்கள். நீரோட்டத்துப் பாறைகளில் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையின் சீகாரப் பூங்குருவிக்கு உறவான ஒரு கருநீலப் பூங்குருவி இரை தேடும். அதே ஈரப் பாறைகளில்தான் கறுப்பு உடம்பில் ரத்தம் தெளித்தாற்போலச் சிவப்பும் மஞ்சளும் புள்ளி கொண்ட ஒரு தேரை வாழ்கிறது, உலகத்திலேயே அழிவின் விளிம்பில் இருக்கிற உயிர்களில் ஒன்று. அதைத் தேடிக் கல்லைப் புரட்டாதீர்கள், ஓடையில் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட் எதுவும் வேண்டாம். தேரை தோலால்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது, நீங்கள் கழுவுவது அதன் உடம்புக்குள் போகும்.

மறுபடி பெரிய பாதைக்கு வந்தால் ஏற்றம் நிமிர ஆரம்பிக்கும், மரங்கள் குட்டையாகும், தண்டு முழுக்கப் பாசி போர்த்திக்கொள்ளும். ஓரத்தில் குடுவைத் தாவரம் தொங்கினால் குனிந்து உள்ளே பாருங்கள், முங்கிய எறும்பும் கொசுப்புழுவும் இருக்கும், விரலை விடாதீர்கள். பச்சை முதுகும் மஞ்சள் வயிறுமாக ஒரு பறவை அசையாமல் நடுக்கிளையில் உட்கார்ந்திருந்தால் அது ஜாவா தீக்காக்கை. நீங்களும் அசையாமல் இருந்தால் நெடுநேரம் இருக்கும். ஐந்து கிலோமீட்டர் தாண்டி வெந்நீர் ஓடை பாதையைக் குறுக்கே வெட்டும், ஒரு பக்கம் பள்ளம், ஆவியில் கண்ணாடி மறைத்துவிடும். இங்கே பைனாகுலரைப் பைக்குள் போட்டுவிட்டு, கட்டியிருக்கிற கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு அடியாகப் போங்கள். சிறுத்தையும் இந்தக் காட்டில் உண்டு. அதைப் பார்க்கிற வாய்ப்பு மிகக் குறைவு, பாதை ஓரத்தில் எச்சமோ கால் தடமோ கிடைத்தாலே வழிகாட்டியின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

மதியம் தாண்டி கண்டாங் பாடாக் முகாமுக்கு வந்துவிடலாம், சுமார் 2400 மீட்டர். தண்ணீர் கிடைக்கும், காய்ச்சிக் குடியுங்கள். தலைவலி லேசாக இருந்தால் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு ஓய்வெடுங்கள், வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் அங்கேயே திரும்பி இறங்க வேண்டும், காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

மறுநாள் மற்றவர்கள் மூன்று மணிக்குக் கூடாரத்தை விட்டுக் கிளம்புவார்கள். நீங்கள் கண்ணுக்கு வழி தெரிகிற வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். உச்சிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். நடுவில் கயிறு பிடித்து ஏற வேண்டிய ஒரு பாறைச் சரிவு உண்டு, மழை பெய்திருந்தால் சுற்றுவழியில் போங்கள். மரங்கள் விட்டுப்போய் சிவப்புத் தளிர் விட்ட சந்திகிப் புதர்கள் வந்தால் வாய் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

எரிமலை வாயில் எதைப் பார்க்க வேண்டும்? புகையைவிடப் பறவையைப் பாருங்கள். கந்தகம் மஞ்சளாகப் படிந்த பாறைச் சுவரில் வெடிப்புகள் இருக்கின்றன, அவற்றுக்குள் எரிமலை உழவாரன் என்கிற சின்னக் கறுப்புப் பறவை கூடு கட்டுகிறது. ஜாவாவின் சில எரிமலை உச்சிகளைத் தவிர இதற்கு வேறு வீடு இல்லை. விளிம்பிலிருந்து பார்த்தால் நம் காலுக்குக் கீழே பறக்கும், இறக்கையை வாள் மாதிரி வளைத்து, புகைக்குள் நுழைந்து, சுவரில் மோதிவிடும் என்று நாம் நினைக்கிற கணத்தில் ஒரு வெடிப்புக்குள் காணாமல் போகும். ஒரே வெடிப்பைக் குறி வைத்துக்கொண்டு காத்திருங்கள், போனது திரும்ப வரும். சூரிய உதயத்துக்கு வந்தவர்கள் இதற்குள் இறங்க ஆரம்பித்திருப்பார்கள், விளிம்பு உங்களுக்கு மட்டும்.

வாயு விஷயத்தில் வடசென்னைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியது குறைவு. 2023 டிசம்பரில் எண்ணூரில் ராத்திரி அம்மோனியா கசிந்தபோது நனைந்த துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து ஓடிய ஊர் நம்முடையது. அதே பழக்கம்தான், ஆனால் ஒரு வித்தியாசம். அம்மோனியா காற்றைவிட இலேசு. எரிமலையில் வருகிற கந்தக வாயுக்களும் கார்பன் டை ஆக்ஸைடும் காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். ஆகவே காற்று முதுகில் படுகிற பக்கம் நில்லுங்கள், குழியில் இறங்கி போட்டோ எடுக்காதீர்கள், தலை சுற்றினால் காற்று வருகிற திசையில் மேட்டுக்குப் போங்கள். ஈரத்துணி கந்தகப் புகையின் எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கும், மற்ற வாயுவுக்கு அது உதவாது. அழுகிய முட்டை நாற்றம் அடித்துக்கொண்டே இருந்து திடீரென்று நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நம்பாதீர்கள், அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். ஆஸ்துமா இருப்பவர்கள் வாய்ப் பக்கமே போக வேண்டாம், மறுபக்கம் சூர்யகென்சானா புல்வெளியிலேயே இருங்கள். அதுவும் குறைந்த இடமில்லை, சுமார் 2750 மீட்டரில் ஜாவா எடல்வைஸ் என்கிற வெள்ளைப் பூப் புதர்கள் மைதானம் முழுக்க நிற்கும். பறிக்கத் தடை உண்டு, காய்ந்து கீழே கிடப்பதையும் எடுக்கக் கூடாது.

பத்து மணிக்கு மேல் மேகம் ஏறிவிடும், அதற்குள் இறங்கத் தொடங்குங்கள். இறங்கும்போது அடியைச் சின்னதாக வையுங்கள், முட்டியை லேசாக மடக்கியே வைத்திருங்கள், இரண்டு குச்சி இருந்தால் இன்னும் நல்லது. கால் நகத்தை ஊரிலேயே ஒட்ட வெட்டிவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் ஷூ முனையில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். உங்கள் குப்பையோடு வழியில் கிடக்கிற நூடுல்ஸ் கவரையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். பார்த்த பறவை, விலங்கு எல்லாவற்றையும் இடம், நேரம் போட்டு அன்றைக்கு ராத்திரியே ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி உயிரினங்களைப் பதிகிற இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள், உழவாரன் மாதிரி அபூர்வமானவற்றுக்கு ஒரு மங்கலான படம்கூட ஆராய்ச்சியாளர்களுக்கு உதவும். மறுநாள் விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு நாள் விட்டு வையுங்கள், அன்றைக்குத் தொடை விடாது.